கட்டில் ஆபீஸும் வடக்குத் தலைமாடும்

போன மாதம் நித்யா போன் செய்தாள். எங்கள் சங்கத்தின் இப்போதைய பயிற்சிச் செயலாளர் அவள். அந்தப் பொறுப்பிலிருந்து நான் ஓய்வுபெற்ற அன்று என் கையிலிருந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டவள். சங்கம் வாடகை மாடியை விட்டுச் சொந்தக் கட்டடத்துக்குப் போகிறது, திறப்பு விழா மலருக்கு நீங்கள்தான் சங்கத்தின் வரலாற்றை எழுதித் தர வேண்டும் என்றாள். சரி என்றேன். அவள் அதோடு போனை வைத்திருக்கலாம்.

"இன்னொன்னு கேக்கோணுமுங்க டீச்சர். புது ரூம்ல கட்டில எந்தப் பக்கம் பாத்துப் போடறதுங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பில்லை, அடக்க அடக்க வருகிற சிரிப்பு. என் வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தார். நித்யா அந்தப் பக்கம் "டீச்சர், டீச்சர்" என்று பதறிக்கொண்டிருந்தாள். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவள் அனுப்பிய பட்டியலில் நிறுவியவர், நோக்கம், வளர்ச்சிப் படிகள் என்று வரிசையாக இருக்கிறது. அதையெல்லாம் ரெஜிஸ்டரைப் பார்த்து யார் வேண்டுமானாலும் எழுதலாம். நான் கட்டிலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

வெளியாட்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது மனப்பகுப்பு சிகிச்சை கற்றுத்தரும் சங்கம். இந்தச் சிகிச்சையில் மாத்திரை இல்லை, ஊசி இல்லை. வருகிறவர் கட்டிலில் படுத்துக்கொண்டு மனதில் வருவதையெல்லாம், அசட்டுத்தனமாக இருந்தாலும் அசிங்கமாக இருந்தாலும், ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். தலைமாட்டுக்குப் பின்னால், அவர் கண்ணில் படாத இடத்தில் நாங்கள் உட்கார்ந்து கேட்போம். நம் முகம் தெரிந்தால் முகத்துக்குத் தகுந்த மாதிரி பேசிவிடுவார்கள் அல்லவா, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. வாரத்துக்கு இரண்டு நாள், ஐம்பது நிமிடம், மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில். கற்றுக்கொள்கிறவர்களும் முதலில் அதே கட்டிலில் படுத்துத் தங்கள் மனதைக் கொட்டியாக வேண்டும். தன் அழுக்கைப் பார்க்காதவன் பிறத்தியார் அழுக்கைத் துவைக்க வரக் கூடாது என்பது கணக்கு.

இதை நான் படிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று என் வீட்டுக்காரர் நாற்றங்காலிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"கேட்டுட்டே உக்காந்திருக்கறதுக்கு ஒரு படிப்பா? அப்பறம் எனக்கெல்லாம் டாக்டர் பட்டமே குடுத்திருக்கோணுமே! கல்யாணம் ஆன நாள்லிருந்து நான் கேட்டுட்டுத்தான இருக்கறேன்" என்றார்.

இருந்தாலும் போகச் சொன்னார். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் வகுப்பு, மதியம் வீட்டு வேலை, சாயங்காலம் சங்கம் என்று ஓடிய அந்த வருடங்களை இங்கே விரித்தால் உங்களுக்கு மூச்சு வாங்கும். விட்டுவிடுகிறேன்.

சங்கத்தைத் தொடங்கியவர் டாக்டர் விசாலம். பாலக்காட்டில் தேர் ஓடும் அக்ரஹாரத் தெருக்காரர். இருபது வருடத்துக்கு மேல் லண்டனில் இந்தத் தொழிலைச் செய்துவிட்டு, இனி ஊரோடு இருப்போம் என்று திரும்பி வந்தவர். பட்டணத்தில் சங்கம் வைக்காமல் கொல்லங்கோட்டில் ஓர் உரக்கடையின் மாடியை வாடகைக்குப் பிடித்தார். கிழக்கே இருந்தும் மலையிலிருந்தும் வருகிற தமிழ் ஜனங்களுக்குப் பஸ் வசதி என்றார். யூரியா வாசனையில் உட்கார்ந்துதான் முதலில் சேர்ந்த நாங்கள் நான்கு பேரும் மனித மனதைப் படித்தோம்.

ஊரில் எங்களுக்குச் சங்கத்தின் பெயர் நிலைக்கவில்லை. ஆசாரி செய்த கட்டிலை நாலு ஆள் தூக்கிக்கொண்டு அந்தக் குறுகலான படியில் ஏறியதை ஊரே நின்று பார்த்தது. ஆபீஸ் என்று போர்டு, உள்ளே மேஜை நாற்காலிக்குப் பதிலாகக் கட்டில். அன்றிலிருந்து "கட்டில் ஆபீஸு" என்றுதான் பெயர். பஸ் கண்டக்டர்கூட "கட்டில் ஆபீஸ் எறங்கு" என்பார். பள்ளிக்கூடத்தில் பெரிய மனுஷியாக இருந்த எனக்கு அந்த நிறுத்தத்தில் இறங்குவதற்கே கூச்சமாக இருக்கும்.

இன்னொரு கெட்ட பெயரும் வந்தது. எங்கள் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் முதல் வார்த்தை "சாப்டீங்களா?" என்பதுதான். ஆனால் சிகிச்சை செய்கிறவர் தன் சொந்தச் சேதி எதையும் சொல்லக் கூடாது என்பது டாக்டரின் விதி. சாப்பிட்டேன் என்பதும் சொந்தச் சேதியில் சேர்ந்தது. வருகிறவர் "சாப்டீங்களாங்க?" என்பார், நாங்கள் பேசாமல் கட்டிலைக் காட்டுவோம். பாவம், கேட்டவர் முகம் சுண்டிப்போகும். "கட்டில் ஆபீஸ்காரங்களுக்குக் காது மந்தமுங்க" என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள்.

கட்டில் பலா மரம். உயரம் குறைவு, தலைமாடு மட்டும் சற்றே தூக்கலாக இருக்கும். கிழக்குச் சுவரில் அலமாரி, மேற்கே கதவு, தெற்கே தரையிலிருந்தே தொடங்கும் பெரிய ஜன்னல். வடக்குச் சுவருக்குப் பக்கத்தில்தான் டாக்டரின் நாற்காலிக்கு இடம் இருந்தது. ஆகவே தலைமாடு வடக்கே, கால்மாடு தெற்கே என்று போட்டாயிற்று. டாக்டர் இன்னொரு விதியும் சொன்னார். இந்த அறையில் எதுவும் மாறக் கூடாது, கடிகாரம், நாற்காலி, கட்டில் எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்க வேண்டும், அப்போதுதான் வருகிறவர் மனம் பயமில்லாமல் திறக்கும் என்றார்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். உத்தமம் கிழக்கு, ஓங்குயிர் தெற்கு, மத்திமம் மேற்கு, மரணம் வடக்கு. வடக்கே தலை வைத்துப் படுத்த யானைக்கே தலை போன கதை எந்தக் குழந்தைக்கும் தெரியும். நான் விவசாயக் குடும்பத்துப் பெண். தூக்கக் கலக்கத்தில்கூட என் தலை வடக்கே திரும்பாது. மூன்று வருடம் அந்தக் கட்டிலில் படுத்து என் மனதையெல்லாம் கொட்டினேன். மாமியார்மேல் இருந்த கோபம், தங்கைமேல் இருந்த பொறாமை, சொல்லக் கூசுகிற கனவுகள், எல்லாம் சொன்னேன். ஒவ்வொரு நாளும் படுக்கும்போது மட்டும் "முருகா" என்று மனதுக்குள் சொல்லி, உடம்பைக் கோணலாகக் கிடத்தி, இடது காலைத் தரையில் ஊன்றிக்கொள்வேன். காலைத் தரையில் வைத்தால் படுத்த கணக்கு ஆகாது என்று ஒரு நினைப்பு. தலை வடக்கே இருக்கிறது என்பதை ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. படித்தவள் இதைச் சொல்வதா என்ற வெட்கம். என்னோடு படித்த மூன்று பேரும் இதே திருட்டுத்தனத்தைச் செய்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஒருவர் சட்டைப் பையில் விபூதிப் பொட்டலம் வைத்திருந்தாராம்.

நோயாளிகளும் படுக்கவில்லை. விளிம்பில் உட்கார்ந்தார்கள். முதுகு வலி என்றார்கள். ஒரு மில்காரர் தலையணையைக் கால்மாட்டில் எடுத்துப் போட்டுப் படுக்கப் போனார், விதிப்படி நான் தடுத்தேன், அவர் அப்புறம் வரவே இல்லை. நாங்கள் இதையெல்லாம் பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதினோம். டாக்டர் அவற்றை வைத்து ஒரு தடித்த கட்டுரை தயாரித்தார். இந்தப் பகுதி மக்கள் ஏன் படுக்க மறுக்கிறார்கள்? மரியாதையா, தாயிடம் உள்ள பயமா, தன்னை ஒப்புக்கொடுக்க மறுக்கும் எதிர்ப்பா? பட்டணத்தில் பெரிய டாக்டர்கள் கூடும் கூட்டத்தில் அதைப் படிப்பதாக ஏற்பாடு. நாங்கள் நான்கு பேரும் பெருமையோடு பிரதி எடுத்துக் கொடுத்தோம்.

என் நிலைமை அப்போது கழுத்துக்கு வந்திருந்தது. பயிற்சி முடிந்தவர் என்று சங்கம் ஏற்றுக்கொள்ள வேண்டுமானால் ஒரே நோயாளியை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்திருக்க வேண்டும். நோயாளி இடையில் நின்றுபோனால் இன்னொருவரை வைத்து முதலிலிருந்து தொடங்கலாம். அப்படி மூன்று பேர் நின்றுபோனால் பயிற்சியிலிருந்தே நீக்கம், மறுபடி சேர முடியாது. எனக்கு ஏற்கனவே இரண்டு பேர் போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்தவர்தான் செல்லையா.

செல்லையா என்பது நான் வைத்த பெயர். உண்மையான ஆளிடம் இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதும்மா, லாரி நம்பர மட்டும் போட்டுராத" என்றார்.

மலையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். காந்தலூர்ப் பக்கம் காய்கறி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். திங்களும் வியாழனும் கேரட், பூண்டு, முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு உடுமலை, பொள்ளாச்சி வழியாகக் கொல்லங்கோட்டுக்கு வந்து இறக்குவார். இறக்கி முடித்துச் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கட்டில் ஆபீஸ். அவருடைய பிரச்சினை ஒரு வளைவு. மலையில் அவர் ஊரைத் தாண்டியதும் வருகிற மூன்றாவது வளைவில் கை ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொள்ளும். லாரி நின்றுவிடும். பத்து நிமிடம், சில நாள் அரை மணி நேரம், பின்னால் ஜீப்பெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். எல்லாப் பரிசோதனையும் செய்தாயிற்று, உடம்பில் ஒன்றும் இல்லை. முதலாளி முகத்தைச் சுளிக்கத் தொடங்கியிருந்தார். இருபது வருட டிரைவருக்கு அந்த வேலை போனால் வேறு வேலை தெரியாது.

ஐந்து மாதம் வந்தார். ஒருநாளும் படுக்கவில்லை. கட்டிலின் விளிம்பில் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். கேரட் விலை, காட்டுப் பாதையில் குறுக்கே நின்ற யானை, கிளட்ச் தகடு, எல்லாம் பேசுவார். வளைவைப் பற்றிக் கேட்டால் ஜன்னலைப் பார்ப்பார்.

எங்கள் முறைப்படி அறையில் எதையும் எழுதக் கூடாது. அவர் போன பிறகு நினைவிலிருந்து எழுத வேண்டும். இடது பக்கம் அவர் சொன்னது, நான் சொன்னது, சொன்னபடியே. வலது பக்கம் அப்போது எனக்குள் ஓடியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாலக்காட்டில் டாக்டர் வீட்டுக்குப் போய் அதை உரக்கப் படிக்க வேண்டும். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மடியில் ஒரு வெள்ளைத் தாள், கையில் பென்சில். திடீரென்று ஒரு கோடு போடுவார். ஏன் என்று சொல்ல மாட்டார். படித்து முடித்ததும் தாளைத் திருப்பிக் காட்டுவார், பத்துப் பதினைந்து கோடு இருக்கும்.

"நீ பொய் சொல்லலை துளசிமணி. ஆனாக்க இங்கெல்லாம் பெருக்கித் துடைச்சு வெச்சிருக்கே. நேக்குக் குப்பையோடதான் வேணுமாக்கும்" என்பார்.

எந்தெந்த இடம் என்று கேட்டால் சொல்ல மாட்டார். நானே கண்டுபிடிக்க வேண்டும். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் ராத்திரிக்குள் அந்த இடங்கள் எல்லாம் தெரிந்துவிடும், ஒரு கோடுகூடத் தப்பாக இருக்காது.

செல்லையா படுக்காததைப் பற்றி மட்டும் டாக்டர் ஒவ்வொரு வாரமும் ஒன்றே சொன்னார். "அவன் ஏன் படுக்கலைங்கறதுதான் அவன் கதை. காத்திண்டிரு." அந்தத் தடித்த கட்டுரையில் சொன்னதெல்லாம் தப்பாகப் போனாலும், இது ஒன்று சரியாகப் போயிற்று.

ஒரு வியாழக்கிழமை அவர் வந்ததும் உட்காரவே இல்லை.

"மொதலாளி வேற ஆள வச்சு ஓட்டிப் பாக்காரும்மா. மாசக் கடைசி வர எனக்குக் கெடு. நான் இன்னைக்கோட நிறுத்திக்கிடுதேன். உங்க நேரத்தையும் கெடுக்க வேண்டாம்லா."

நான் பதறிப்போனேன். அவருக்காக என்று சொல்ல ஆசைதான். இல்லை, எனக்காக. மூன்றாவது ஆளும் போகிறார், மூன்று வருடமும் போகிறது, நாளைக்கு என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் இருப்பாரே, அதை எப்படித் தாங்குவது என்று ஓடியது மனம். எப்படியோ சமாளித்துக்கொண்டு, கற்ற வித்தையைக் கடைசியாக ஒரு தரம் எடுத்து விட்டேன்.

"போறதுக்கு முன்னால ஒன்னே ஒன்னுங்கண்ணா. இப்ப உங்க மனசுல என்ன வருதோ, அத அப்படியே சொல்லிட்டுப் போயிருங்க."

அவர் கட்டிலைப் பார்த்தார்.

"சொன்னா சிரிப்பிய."

"சிரிக்க மாட்டனுங்க."

"இந்தக் கட்டிலு வடக்க தலைய வச்சுல்லா கெடக்கு? மனுசன் படுப்பானா இதுல?"

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நித்யா உங்களுக்கு வகுப்பெடுப்பாள். பேசாமல் இருந்திருக்க வேண்டும். மிஞ்சிப்போனால், வடக்கு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது என்று மெதுவாகக் கேட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

"அய்யோ, எனக்கும் அப்படித்தானுங்கண்ணா! மூணு வருசமா இதுல படுத்து எந்திரிக்கறேன், ஒருநாளு நிம்மதியாப் படுத்தது கெடையாதுங்க!"

செல்லையா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பெறவு எதுக்கும்மா இப்படிப் போட்டு வச்சிருக்கிய?"

"தெரியலீங்களே!"

அவர் சிரித்தார். ஐந்து மாதத்தில் முதல் தடவை. பெரிய வாய், வெற்றிலைக் கறைப் பல், உரக்கடை வரைக்கும் கேட்கிற சிரிப்பு. எனக்கும் நிற்கவில்லை. "வாங்க, கட்டிலோட அந்தக் காலப் பிடிங்க" என்று துண்டைத் தோளில் போட்டார். நானும் பிடித்தேன். அறையில் எதுவும் மாறக் கூடாது என்ற விதி படிக்கட்டில் இறங்கி ஓடிப்போயிற்று. கீழே உரக்கடைக்காரர் "ஏனுங்க, மேல இடிஞ்சு உளுந்துருச்சுங்களா?" என்று கத்தினார். கட்டிலின் தலைமாடு கிழக்கே திரும்பி அலமாரியில் முட்டிக்கொண்டு நின்றது.

செல்லையா தலைமாட்டுச் சட்டத்தில் கை வைத்தபடி நின்றார். சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே கோணிக்கொண்டு போயிற்று.

"இப்படித்தாம்மா எங்கப்பா கட்டிலயும் இழுத்துப் போட்டேன்" என்றார்.

பிறகு தரையில், கட்டில் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். அப்பா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். கிடந்த இடத்திலிருந்து சுவர்தான் தெரியும். செல்லையா கட்டிலை இழுத்து, ஜன்னல் வழியாக அந்த மூன்றாவது வளைவு தெரிகிற மாதிரி போட்டார். லாரி வளைவில் வரும்போது ஹாரன் அடிப்பார், அப்பா கையைத் தூக்குவார். அப்படிப் போட்டதில் தலை வடக்கே போனதை அவர் கவனிக்கவில்லை. எட்டாவது நாள் அப்பா போய்விட்டார்.

"எளவுக்கு வந்த சித்தப்பா எல்லார் முன்னாலயும் கேட்டாரும்மா. கெழவன வடக்க தல வச்சுப் போட்டது எவம்லன்னு. நான் வாயத் தொறக்கல. இன்னைக்கு வர யார்ட்டயும் தொறக்கல. எங்கப்பன நாந்தாம்மா கொன்னேன்."

அவர் குலுங்கி அழுதார். நான் இந்தத் தடவை பேசாமல் இருந்தேன். ஐம்பது நிமிடம் முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "திங்கக்கெழம வாரேன்" என்றார்.

அன்று குறிப்பெழுத உட்கார்ந்து பேனாவைத் திறந்து திறந்து மூடினேன். "எனக்கும் அப்படித்தானுங்கண்ணா" என்பதை எழுதுவதா? கட்டிலைத் தூக்கியதை எழுதுவதா? விட்டுவிட்டால் நல்ல குறிப்பு. ஐந்து மாதம் பொறுமையாகக் காத்திருந்த பயிற்சியாளரிடம் நோயாளி தானாகத் திறந்துகொண்டார் என்று எழுதினால் எனக்கு மாலை போடுவார்கள். எழுதினால் மூன்று விதியை ஒரே நாளில் உடைத்தவள் என்று அன்றே அனுப்பிவிடலாம். பெருக்கித் துடைத்த குறிப்பு ஒன்று எழுதினேன். கிழித்துப் போட்டேன். குப்பையோடு மறுபடி எழுதினேன்.

மறுநாள் டாக்டர் வீட்டில் படித்தேன். "எனக்கும் அப்படித்தானுங்கண்ணா" வந்த இடத்தில் பென்சில் சத்தம் கேட்கிறதா என்று காது அதிலேயே இருந்தது. சத்தமே இல்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தால் டாக்டர் கண்ணைத் திறந்திருந்தார். தாளில் ஒரு கோடுகூட இல்லை.

"எந்தப் பக்கம் திருப்பினேள்?"

"கெழக்கங்க மேடம்."

"நன்னாப் போச்சு."

அப்புறம் அவர் தோள் குலுங்கியது. எனக்குப் பயமாகிவிட்டது. பார்த்தால் சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்.

"கட்டில் வந்த அன்னிக்கே நானும் பார்த்தாச்சு, கேட்டியோ. வடக்கேன்னா தலைமாடுன்னு பகீர்னுது. பறையலாம்னு வாய் வரைக்கும் வந்தது. லண்டன்ல படிச்சுட்டு வந்து இந்தம்மா திசை பார்க்கறாளேன்னு நீங்கள்ளாம் சிரிக்கப் போறேளேன்னு முழுங்கிட்டேன். மனசுல தோணறதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கோன்னு ஊருக்கெல்லாம் போர்டு வெச்சவள் நான்!"

நான் என் இடது கால் ரகசியத்தைச் சொன்னேன். அவர் மேஜையில் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு அந்தத் தடித்த கட்டுரையை எடுத்து, முதல் பக்கத்தில் குறுக்காகப் பென்சிலால் ஒரு நீளக் கோடு போட்டார். அடுத்த மாதம் பட்டணக் கூட்டத்தில் அதைப் படிக்கவில்லை. இந்தக் கட்டில் கதையைத்தான் சொன்னாராம். பெரிய டாக்டர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம்.

ஆனால் என்னை அன்று சிரிப்போடு அனுப்பவில்லை. காப்பி கொடுத்துவிட்டுக் குரலை மாற்றினார்.

"சிரிச்சாச்சு. இனி இதைக் கேளு. உன் சங்கடத்தை அவன்கிட்டக் கொட்டினது தப்பு. அதுல அவன் வாய் திறந்தது உன் அதிர்ஷ்டம், உன் சாமர்த்தியமில்லை. அதைவிடப் பெரிய தப்பு கட்டிலைத் திருப்பினது. வடக்குதான் அப்பாவைக் கொன்னுதுங்கறான் அவன். நீ கூடமாட நின்னு திருப்பினேன்னா, ஆமாம்ப்பா, வடக்குதான் கொன்னுது, நீதான் கொன்னேன்னு நீயும் ஒத்துண்ட மாதிரியாக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த வாக்கியம் அதுவரை என் புத்தியில் ஏறவே இல்லை.

"என்னை நீக்கிருவீங்களாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"அவன் திங்கட்கிழமை வரான். நீ அங்கே இருக்கணும். இப்போ நீயாப் போய்த் திருப்பி வைக்காதே. என்னிக்கு அவனே திருப்பிப் போடறானோ, அன்னிக்கு உன் வேலை முடிஞ்சுது. போ."

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் கட்டில் கிழக்கே தலை வைத்து அலமாரியில் முட்டிக்கொண்டே கிடந்தது. அலமாரிக் கதவு பாதிதான் திறக்கும். கூட்டக் குறிப்பு ரெஜிஸ்டர் உள்ளே மாட்டிக்கொண்டது. அந்தக் கட்டிலை நகர்த்த எவருக்கும் மனமில்லை, கனம் வேறு. நித்யா, ரெஜிஸ்டரில் அந்தக் காலம் ஏன் காலியாக இருக்கிறது என்று நீ எத்தனையோ தரம் கேட்டாயே, காரணம் இதுதான். மற்ற நோயாளிகள் எல்லாம் ஜம்மென்று படுத்துப் பேசத் தொடங்கினார்கள். செல்லையா மட்டும் விளிம்பில்தான் உட்கார்ந்தார். ஆனால் இப்போது அப்பாவைப் பற்றிப் பேசினார்.

முதலாளியின் கெடுவை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. புதிதாக வைத்த டிரைவர் காட்டுப் பாதையில் யானையைப் பார்த்துவிட்டு மூன்றாவது நாளே ஓடிப்போனான், செல்லையாவின் வேலை தப்பியது. அந்த யானைக்கு நான் கோவிலில் தேங்காய் உடைத்தேன். இதையும் குறிப்பில் எழுதினேன்.

இரண்டாம் வருடத்தில் ஒருநாள் செல்லையா பிரேக் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். புது பிரேக் போட்டால் முதல் இரண்டு நாள் கிரீச்சிடும் என்றார். "எங்கப்பாவும் அந்தச் சத்தத்தக் கேட்டுட்டுத்தான் கேட்டாரு, லாரி வாரது கேக்குது, தெரிய மாட்டேங்குல, கட்டில ஜன்னலுக்கு நேராப் போடுன்னு" என்று சொல்லிக்கொண்டே போனவர் நின்றுவிட்டார்.

மடியில் மடித்து வைத்திருந்த துண்டை விரித்தார்.

"அவருதாம்மா கேட்டாரு" என்றார். "நானாப் போடல. அவருதான் கேட்டாரு. எப்படிம்மா மறந்தேன் இத?"

அந்த வாரம் வளைவில் லாரி நின்றது, இரண்டே நிமிடம். அடுத்த மாதம் நிற்காமல் போயிற்று. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை முகத்தில் காட்டக் கூடாது. நல்ல வேளை, நான் அவர் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வருடம் நிறைந்த கடைசி நாள். வந்தார், துண்டைக் கட்டிலில் போட்டார், உட்காரவில்லை. கட்டிலைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"நான் இதத் திருப்பிப் போட்டுக்கிடட்டா?"

நான் உதவிக்கு எழுந்தேன். "நீங்க உக்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டு, ஒத்தையாகவே இழுத்தார். கீழே உரக்கடைக்காரர் மறுபடி கத்தினார். தலைமாடு பழையபடி வடக்கே, என் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றது. தரையில் நாலு கால் தடமும் இன்னும் இருந்தன, அதில் சரியாக உட்கார்ந்தது. துண்டைத் தலைக்கு வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, இரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் படுத்தார். இரண்டு காலையும் நீட்டி.

கால்மாட்டு ஜன்னல் திறந்திருந்தது. படுத்தால் அதன் வழியாகப் பொள்ளாச்சி ரோடு வளைந்து வருவது தெரியும். மூன்று வருடம் அதே கட்டிலில் படுத்த நான் அதைப் பார்த்ததே இல்லை. என் கவனமெல்லாம் தலைமாட்டில் இருந்தது. அந்த வளைவு ஓரத்தில்தான் அன்று அவர் லாரியை நிறுத்தியிருந்தார்.

"என் வண்டி தெரியுதும்மா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நல்லாத் தெரியுது. எட்டு நாளும் அவருக்கு இப்படித்தான் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

ஐம்பது நிமிடம் முடிந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், எழுந்திருக்கச் சொல்லவில்லை. அடுத்தவர் கதவைத் தட்டும் வரை அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் அவர் தலைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை இதையும் படித்தேன். டாக்டர் கோடு போடவில்லை, என் பயிற்சி முடிந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நித்யா, கட்டிலை எந்தத் திசையில் வேண்டுமானாலும் போடுங்கள். கால்மாட்டில் ஒரு ஜன்னல் இருக்கட்டும்.